ஞாயிற்றுக்கிழமை ஒரு ரிங்

12 பிப்ரவரி 2025, புதன். திருப்பத்தூர்

தம்பி மணிக்கு டிக்கெட் வந்துவிட்டது. அடுத்த புதன், சென்னையிலிருந்து கோலாலம்பூர். ஏஜெண்ட் சிவசங்கர் போனில் அனுப்பியதை ஆபீஸ் பிரிண்டரில் எடுத்தேன். ஆடிட்டர் சார் எட்டிப் பார்த்து, "யாரும்மா போறது?" என்றார். தம்பி என்றேன். "என்ன வேலை?" ஓட்டல் வேலை என்று சொல்வதற்குள் முகமெல்லாம் சூடாகிவிட்டது. இங்கே வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம். இன்னும் யார் என்ன கேட்டாலும், தப்பு செய்து மாட்டிக்கொண்டவள் மாதிரிதான் பதில் சொல்கிறேன்.

மாலை ரைஹானா கடைக்குப் போனேன். காலேஜில் மூன்று வருடமும் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் அவள் அண்ணனோடு ரீசார்ஜ் கடை பார்க்கிறாள். வெளிநாட்டு நம்பருக்கும் காசு ஏற்றுவார்கள். டிக்கெட்டைக் காட்டினேன்.

"பாஸ்போர்ட்டு கையில இருக்கும்போதே சிம் வாங்கிடச் சொல்லு. ஏர்போர்ட்டுக்குள்ளயே. வெளிய வந்தா கம்பெனி ஆளு பாஸ்போர்ட்ட வாங்கி வெச்சுப்பான். பாஸ்போர்ட்டு இல்லாம அங்க சிம் குடுக்க மாட்டாங்க. அப்புறம் உன் தம்பி யாருகிட்டயாவது போனுக்குக் கெஞ்சிக்கினு நிக்கணும்."

"ஏன் வாங்கி வெச்சுப்பாங்க?"

"அங்க எங்க மாமா துணிக்கடை வெச்சிருக்காரு. சொல்லுவாரு. இன்னாத்துக்குன்னு கேக்காத, வாங்கிடச் சொல்லு."

ஹாஸ்டலுக்கு வந்து ஒரு துண்டுத் தாளில் எழுதினேன். ஐ வாண்ட் எ பிரீபெய்ட் சிம். பிளீஸ் ஆக்டிவேட் இட் நவ். எல்லாம் தமிழ் எழுத்தில். எழுதிவிட்டு நானே சத்தமாகப் படித்துப் பார்த்தேன். கவுண்டரில் நிற்பது நானாக இருந்தால்?

16 பிப்ரவரி, ஞாயிறு. வூட்டில்

ஜமுனாமரத்தூரில் பஸ் மாறி ஊருக்கு வந்து சேர மதியம் ஆகிவிட்டது. அம்மா புளி தட்டிக்கொண்டிருந்தாள். மணி அவளிடம் பாடம் நடத்திக்கொண்டிருந்தான்.

எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டி மேட்டில் மட்டும்தான். அதுவும் ஒரே ஒரு கம்பெனி டவர். என் போன் அங்கேயும் செத்ததுதான். அதனால் எல்லா வீட்டு பட்டன் போனும் தொட்டியின் இரும்பு ஏணியில் பிளாஸ்டிக் பைக்குள் தொங்கும். எது அடித்தாலும் அங்கே ஆடு மேய்க்கிற யாராவது கத்துவார்கள். அடுத்த வீட்டுப் போனை யாரும் எடுக்கக்கூடாது. அது எழுதாத சட்டம்.

மணி அப்பாவின் போனில் தன் நம்பருக்கென்று கோழி கூவுகிற சத்தத்தை வைத்திருக்கிறான். அங்கே போய் வாங்கும் நம்பருக்கும் அதையே வைக்க எனக்குக் கற்றுக்கொடுத்தான்.

"ம்மா, நல்லா கேட்டுக்க. ஞாயித்துக்கெழமைதான் எனக்கு லீவு. ஒரு தபா கூவுனா, நான் நல்லா கீறேன். ரெண்டு தபா வுட்டு வுட்டு கூவுனா, அக்காவ எனக்குப் பேசச் சொல்லு. எடுத்துடாத. எடுத்தா என் காசு போய்டும்."

"நான் ஏன்டா எடுக்கறேன்? காசு இன்னா மரத்துலயா காய்க்குது."

"மரத்துலதான் காய்க்குது. நீதான் தட்டிக்கினு கீறியே."

பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் சிரித்த சிரிப்பில் ஆடுகள் மிரண்டன. சோதித்துப் பார்க்க எல்லோரும் மேட்டுக்குப் போனோம், மணி அங்கிருந்தே அடித்தான். கூவியது. எங்கோ நிஜமான சேவல் ஒன்று பதில் கூவியது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஏணியில் பையை இன்னும் ஒரு முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

20 பிப்ரவரி, வியாழன்

மணியின் குரல் வந்தது, வாட்ஸப்பில்.

"அக்கா, சிம் வாங்கிட்டேன். இது புது நம்பரு. நீ எழுதிக் குடுத்தத பிரிக்கவே இல்ல, கவுண்டர்ல இருந்த பொண்ணு தமிழ்லயே பேசுச்சு. கேமராவ பாருங்கன்னு போட்டோ புடிச்சாங்க. நான் சிரிச்சிட்டேன், சிரிக்கக் கூடாதாம். அக்கா, ரைஹானா அக்கா சொன்னது கரெக்ட்டு. வெளிய ஒரு ஆளு எங்க எல்லார் பாஸ்போர்ட்டையும் வாங்கி மஞ்சப் பையில போட்டுக்கினான். சிம்ம மட்டும் கேக்கல."

நாலு தடவை கேட்டேன்.

23 பிப்ரவரி, ஞாயிறு

கூவியது! நான் மேட்டிலேயே இருந்தேன். அம்மா கை தட்டினாள்.

16 மார்ச், ஞாயிறு

மணி கூப்பிட்டான். ஓட்டல் இல்லையாம். கட்டட வேலை. வந்த அன்றைக்கே தெரிந்துவிட்டதாம், இப்போதுதான் சொல்கிறான். பெரிய போன் சிமெண்டுத் தண்ணீரில் விழுந்துவிட்டது, பட்டன் போன் ஒன்று வாங்கி சிம்மை அதில் போட்டிருக்கிறான். சைட்டில் போன் வைத்திருக்க விடமாட்டார்கள். அறையில் அணைத்து வைத்துவிட்டு ஞாயிறன்று மட்டும் போடுவானாம்.

"அம்மாகிட்ட ஓட்டல்னே இருக்கட்டும் அக்கா. கேட்டா இட்லி ஊத்தறேன்னு சொல்லு."

சிவசங்கருக்குப் போன் செய்து கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது?

19 மார்ச், புதன்

கேட்டுவிட்டேன். "கம்பெனி மாத்தி விட்டிருப்பாங்கம்மா, ரெண்டு மாசத்துல சரி பண்ணிடலாம்" என்றார். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். எதற்கு நன்றி?

14 ஏப்ரல், திங்கள்

வருஷப்பிறப்பு. ஆபீஸ் லீவு. ரைஹானா கடை திறந்திருந்தது.

அந்த ஊர் பிரீபெய்ட் சிம்மில் அவ்வப்போது காசு ஏற்றாவிட்டால் நம்பரே போய்விடுமாம். மணிக்கு வெளியே போய் ஏற்ற நேரம் கிடைப்பதில்லை. இனி மாதாமாதம் இங்கிருந்தே ஏற்றுகிறோம். ரைஹானா கம்ப்யூட்டரில் தட்டியதும் இரண்டு நிமிடத்தில் போய்விட்டது.

"பாரு, உன் தம்பி சிம்ம நீதான் உசுரோட வெச்சிருக்க" என்றாள். பாயாசம் கொண்டுபோகாததற்கும் திட்டினாள்.

11 மே, ஞாயிறு. திருப்பத்தூர்

ஆபீசில் வேலை அதிகம், மலைக்குப் போகவில்லை. நல்லதாகப் போயிற்று. மணி எனக்குக் கூப்பிட்டான். குரல் இளைத்திருந்தது. குரல் இளைக்குமா? அப்படித்தான் தோன்றியது.

அறையில் கூட இருக்கும் நேப்பாளப் பையன் பிஷ்ணுவைப் பற்றித்தான் பேச்செல்லாம். இவனுக்கு இந்தி வராது, அவனுக்குத் தமிழ் வராது. இரண்டு பேரும் அந்த ஊர்ப் பேச்சில் கொஞ்சம், கையால் கொஞ்சம்.

"அவனுக்கு நம்ம ரிங் கதைய சொல்லிட்டேன் அக்கா. ஒரே சிரிப்பு. இப்ப ஞாயித்துக்கெழம ஆனா அவனே போன எடுத்துக் குடுத்து 'அம்மா, அம்மா'ன்றான். மேல ஏறி நின்னா தூரத்துல ஒரு மலை தெரியுது அக்கா. நம்மளுது மாதிரியே கீது. ஆனா புகையா கீது."

கயிறு கட்டிக்கொண்டு ஏறுகிறாயா என்று கேட்டேன். "கட்டுவோம் கட்டுவோம்" என்றான். அதற்குள் தொடர்பு விட்டுப்போனது.

25 மே, ஞாயிறு. வூட்டில்

அம்மாவுக்கு இன்று வாய் ஓயவில்லை. பலாப்பழம் அறுத்துக்கொண்டே சொன்னாள்.

"வியாழக்கெழம சாயங்காலம் அடிச்சான்டி உன் தம்பி. இன்னா அடி! நின்னுச்சுன்னா மறுபடியும் கூவுது. நின்னுச்சுன்னா மறுபடியும். பெரியம்மா வந்து கூப்ட்டுச்சு, ஓடுனேன்."

"எடுத்தியா?"

"எடுப்பனா? கையில புடிச்சிக்கினே நின்னேன். கையெல்லாம் அதுருது."

"வியாழக்கெழம இன்னாத்துக்கும்மா அடிக்கிறான்? அன்னிக்கு லீவு இல்லியே."

பெரியம்மாள் குறுக்கே புகுந்தாள். "சம்பளம் ஏத்தியிருப்பாங்க, அந்தக் குஷிதான். நான் உங்கம்மாகிட்ட சொன்னேன், நேரங்கெட்ட நேரத்துல கூவுது, புடிச்சி அறுத்து கொழம்பு வெச்சிடுன்னு."

எல்லாரும் சிரித்தோம். இன்று மதியமும் கூவியது. ஒரே தடவை. அப்பா பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கொல்லைக்குப் போனார்.

1 ஜூன், ஞாயிறு

கூவியதாம். அப்பா மேட்டிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்.

15 ஜூன், ஞாயிறு. வூட்டில்

கூவியது. என்னிடம் பேசி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வார நாட்களில் மாலை மாலை கூப்பிட்டுப் பார்க்கிறேன், அணைத்து வைத்திருப்பதாக ஏதோ பாஷையில் ஒரு பெண் சொல்கிறாள். வீட்டுக்குப் பணமும் அனுப்பவில்லை. அப்பாவிடம் சொன்னேன்.

"அதான் வாரா வாரம் அடிக்கிறான் இல்ல. நல்லா கீறான்னு அர்த்தம். நீ இன்னா?"

நியாயம்தான். நாங்கள் பேசி வைத்துக்கொண்டது அதுதானே.

சிம்முக்குக் காசு ஏற்றினேன்.

29 ஜூன், ஞாயிறு. வூட்டில்

இன்று மேட்டில் உட்கார்ந்து கவனித்துக் கேட்டேன்.

மணி அடித்தால் கோழி பாதி கூவும்போதே வெட்டிவிடுவான். "கொக்" என்று நின்றுவிடும். வேண்டுமென்றே. அம்மா "அரைக்கோழி" என்று பெயர் வைத்திருந்தாள். இன்று முழுவதும் கூவியது. நிதானமாக, ஒரு முழுக் கூவல். அதன் பிறகு வெட்டு.

அம்மாவிடம் சொன்னேன். "வயசாவுது இல்ல, பொறுமை வந்திருக்கும்" என்றாள்.

அடுத்த ஞாயிறு நான் மலைக்குப் போகப்போவதில்லை. கீழே இருந்து, போன் போட்டிருக்கிற நேரம் பார்த்து, நானே கூப்பிடப்போகிறேன்.

6 ஜூலை, ஞாயிறு. திருப்பத்தூர்

எழுதித்தான் ஆக வேண்டும். எழுதாவிட்டால் நடக்கவில்லை என்று நானே நம்பிவிடுவேன்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் கூப்பிட்டேன். ரிங் போனது. எடுத்தார்கள். "டேய்" என்றேன். அந்தப் பக்கம் மூச்சு. பிறகு ஒரு ஆண் குரல், மணி இல்லை. "அம்மா?" என்றான். இல்லை, அக்கா என்றேன். அவன் வேகமாக என்னென்னவோ சொன்னான். இந்தி. எனக்கு ஒன்றும் புரியவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டே செருப்புகூடப் போடாமல் ரைஹானா வீட்டுக்கு ஓடினேன். வழியெல்லாம் "ஒன் மினிட், ஒன் மினிட்" என்று சொல்லிக்கொண்டே. அவனும் வைக்கவில்லை.

அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரைஹானா எச்சில் கையோடு போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். அவர்கள் வீட்டில் உருது பேசுகிறவர்கள், அவளுக்கு அவன் பேசியது புரிந்தது. நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் புருவம் சுருங்கியது. அதன் பிறகு சாதம் ஒட்டிய விரல்கள் அசையாமல் நின்றுவிட்டன. "கப்?" என்று கேட்டாள். எப்போது என்று அர்த்தம், அது எனக்குத் தெரியும். அவன் சொன்ன பதிலில் "மே" என்ற ஒரு சொல் மட்டும் புரிந்தது.

தாஹிரா அம்மா, அவள் தாயார், அழ ஆரம்பித்துவிட்டார்கள். இன்னும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மே மாதம், ஒரு வியாழக்கிழமை. சாரத்திலிருந்து விழுந்திருக்கிறான். கூடத் தூக்கிக்கொண்டு போனவன் பிஷ்ணுதான். மருத்துவமனையில் மணிக்கு நினைவு இருந்திருக்கிறது. பேச்சும் கொஞ்சம். பிஷ்ணு அறையிலிருந்து அவன் போனை எடுத்து வந்து வீட்டு நம்பரை அடித்து, அவன் காதில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறான். மறுபடி மறுபடி. யாரும் எடுக்கவில்லை. மணிதான் போதும் என்று கையைக் காட்டியிருக்கிறான். எடுக்க மாட்டார்கள். நான் எழுந்திருக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நீ ஒரு ரிங் கொடுத்துவிடு. இதையும் கையால்தான் சொல்லியிருக்கிறான்.

சனிக்கிழமை இறந்துவிட்டான்.

ரைஹானா கேட்டாள், இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று. வீட்டுக்குச் சொல்லியாயிற்று என்று மேஸ்திரி சொன்னானாம். அவன் நம்பிவிட்டான். சரி, அப்படியானால் ஏன் வாரா வாரம் ரிங் கொடுத்தாய்?

அதற்கு அவன் சொன்னதை அவள் கை கழுவிவிட்டு வந்து சொன்னாள்.

"சிம்முல காசு வந்துக்கினே இருந்துச்சாம், பிரியா. வூட்ல இருந்து யாரோ போடறாங்க, அப்போ அவங்க அம்மாவுக்கு இந்த ரிங் வேணும் போலன்னு நெனச்சானாம்."

7 ஜூலை, திங்கள். வூட்டில்

ரைஹானாவும் அவள் அண்ணனும் கூட வந்தார்கள். அவர்கள் காரிலேயே மலை ஏறினோம். யார் சொன்னது, எப்படிச் சொன்னது, எதுவும் சரியாக நினைவில்லை. அம்மா தரையில் உட்கார்ந்து தரையையே தடவிக்கொண்டிருந்தாள்.

அப்பாதான் நம்பவில்லை.

"நேத்து காலைல கூட அடிச்சானே. இந்தக் காதால கேட்டேன். செத்தவன் அடிப்பானா? யாரோ உன்ன ஏமாத்தி வுட்டிருக்கான்."

"அது பிஷ்ணுப்பா."

"எவன்டி அவன்? எம் புள்ள நம்பர்ல அவன் எப்டி அடிப்பான்? அது கோழிதான கூவுச்சு?"

ஊரே கூடிவிட்டது. பெரியம்மாள் வந்து அம்மாவின் பின்னால் உட்கார்ந்து அவளைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வியாழக்கிழமை மாலை ரிங்கை மட்டும் சொல்லவில்லை. விழுந்த அன்றே போய்விட்டான் என்றேன். ரைஹானா என்னைப் பார்த்தாள்.

ஒரு ரிங் என்றால் என்ன, இரண்டு ரிங் என்றால் என்ன, எல்லாம் பேசினோம். நிற்காமல் அடித்தால் என்ன என்று யாருமே கேட்கவில்லை. மணியும் கேட்கவில்லை. நான் படித்தவள், நான் கேட்டிருக்கலாமா? ஊரில் யாருக்குத்தான் அது தோன்றியிருக்கும். நிற்காமல் அடித்தால் இங்கே சந்தோஷம் என்றுதானே நினைப்போம்.

13 ஜூலை, ஞாயிறு. வூட்டில்

கூவவில்லை.

அப்பா காலையிலிருந்து ஏணியடியில் நின்றார். வெயிலில். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. பொழுது சாய்ந்ததும் பையை அவிழ்த்து எடுத்துக்கொண்டு வந்தார். வாசலில் வந்ததும்தான் அழுதார்.

21 ஜூலை, திங்கள். திருப்பத்தூர்

சிவசங்கர் நம்பர் போகவில்லை. வீடு பூட்டியிருக்கிறது. மனு கொடுத்த இடங்களில் காத்திருங்கள் என்கிறார்கள்.

ரைஹானாவின் மாமா அமீனுல்லா, அங்கே துணிக்கடை வைத்திருப்பவர், கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு பிஷ்ணுவோடு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். மணி அங்கேதான் இருக்கிறான். சேர்த்தபோது பாஸ்போர்ட் இல்லாததால் பெயர் தெரியாதவன் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பிஷ்ணு சொன்ன பெயரை எழுதிக்கொள்ளவில்லையாம், அவன் உறவு இல்லை என்று. ரத்த சொந்தம் யாராவது வந்து பார்த்து, ஆமாம் என்று சொல்ல வேண்டும்.

அப்பாவுக்குப் பாஸ்போர்ட் இல்லை. எனக்கு இருக்கிறது. மணிக்கு எடுத்தபோது அவன்தான் என்னையும் இழுத்துக்கொண்டு போனான். "நீ படிச்சவ, உனக்குத்தான் மொதல்ல வேணும், எடுத்து வை அக்கா."

விசாகூட இப்போது வேண்டாமாம். தடுக்க எதுவுமே இல்லை.

3 ஆகஸ்ட், ஞாயிறு. வூட்டில்

மழை பெய்து கொல்லை ஈரமாக இருக்கிறது. சுற்றிலும் சாமை விதைத்துவிட்டார்கள். எங்கள் கொல்லை சும்மா கிடக்கிறது.

அம்மா எனக்குத் தலை வாரிவிட்டாள். பின்னி முடித்ததும் பின்னாலிருந்தே கேட்டாள்.

"அவன் எந்தக் கெழம வுழுந்தான்?"

"தெரியலம்மா."

ரப்பர் பேண்டைப் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

அப்பாவிடம் சொன்னேன், அங்கே இறங்கி சிம் வாங்கியதும் ஒரு ரிங் விடுகிறேன், சேர்ந்துவிட்டேன் என்று அர்த்தம், எடுக்க வேண்டாம். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. பழகியதைத்தானே சொல்ல வருகிறது. அப்பா தலையாட்டினார்.

5 ஆகஸ்ட், செவ்வாய். திருப்பத்தூர்

ரைஹானா பை கட்ட உதவினாள். "பிஷ்ணுகிட்ட இருக்கற சிம்மையே வாங்கிப் போட்டுக்கயேன். புதுசு இன்னாத்துக்கு?"

"அந்த நம்பர்ல இருந்து போனா கோழி கூவும்."

வாயைப் பொத்திக்கொண்டாள். பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, "கவுண்டர்ல பேசிடுவியா?" என்றாள்.

பேசிவிடுவேன் என்றேன்.

7 ஆகஸ்ட், வியாழன். கோலாலம்பூர் விமான நிலையம்

அமீனுல்லா மாமா வெளியே காத்திருக்கிறார். பிஷ்ணுவும் லீவு போட்டு வந்திருப்பதாக வை-ஃபையில் செய்தி வந்தது. அவர்களைப் பார்ப்பதற்கு முன் இதை எழுதி முடிக்கிறேன். நாற்காலி ஜில்லென்று இருக்கிறது.

சிம் விற்கும் கவுண்டர்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் பளிச்சென்ற விளக்கு, கடல், பலூன் படங்கள். மணி எதில் வாங்கினான் என்று தெரியவில்லை. தமிழ் முகம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. ஒரு கவுண்டரில் பின்னால் வந்தவர்களை எல்லாம் முன்னால் போகவிட்டுக்கொண்டே நின்றேன். போகவிட யாரும் இல்லாமல் போனதும் பேசினேன்.

"ஐ வாண்ட் எ பிரீபெய்ட் சிம்."

குரல் ரொம்பச் சத்தமாக வந்துவிட்டது. அந்தப் பையன் சிரித்தான். நல்ல சிரிப்பு, மணி வயதுதான் இருக்கும். "ஹாலிடே?" என்று கேட்டான். தலையாட்டிவிட்டேன். எத்தனை நாளைக்கு வேண்டும் என்றான். எனக்கு அது தெரியவில்லை. தம்பியை எடுத்துக்கொண்டு போக எத்தனை நாள் ஆகும்? இருப்பதிலேயே சின்னது என்றேன்.

பாஸ்போர்ட்டை வாங்கி மெஷினில் வைத்தான். உடனே திருப்பிக் கொடுத்துவிட்டான். அதைப் பைக்குள் வைக்க எனக்கு மனம் வரவில்லை, கையிலேயே பிடித்துக்கொண்டேன். கேமராவைப் பார்க்கச் சொன்னான். பார்த்தேன். சிரிக்கக்கூடாது என்று அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

என் சிம்மை ஊசியால் குத்தி எடுத்து ஒரு அட்டையில் ஒட்டிக் கொடுத்தான். புதியதைப் போட்டான். கொஞ்ச நேரத்தில் கோடுகள் வந்தன. யாருக்காவது அடித்துப் பாருங்கள், வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும் என்றான்.

இங்கே மதியம் ஆகப்போகிறது. ஊரில் ஆடு ஓட்டிக்கொண்டு போகிற நேரம். அப்பாவின் நம்பரை அடித்தேன். ஒரு ரிங் போனதும் வெட்டுவதற்காகக் கட்டைவிரலைச் சிவப்புப் பொத்தான் மேலேயே வைத்திருந்தேன்.

ஒரு ரிங் முழுசாகப் போகவில்லை.

"சொல்லுடி."

அம்மா.

"ம்மா, ரிங்தான்ம்மா. எடுக்க வேணாம்னு அப்பாகிட்ட சொல்லிட்டுத்தான வந்தேன்?"

"சொன்னாரு."

"அப்புறம் ஏன் எடுத்த? காசு போவுதும்மா."

"போவட்டும். காலைல இருந்து மேட்டுலதான் கீறேன். இனிமே எவன் அடிச்சாலும் எடுப்பேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "வியாழக்கெழமடி இன்னிக்கு."

மேட்டில் காற்றடிக்கிற சத்தம் கேட்டது, ஏணியில் பைகள் மோதிக்கொள்கிற சத்தமும். பேலன்ஸ் தீர்கிற வரைக்கும் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.